600 எம்எம் வாங்கினால் பறவை பக்கத்தில் வந்துவிடுமா?

பெங்களூரு ராமமூர்த்தி நகரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "கேனான் 1500டி கேமராவும் அதோடு வந்த 55-250 லென்ஸும் வைத்திருக்கிறேன். அல்சூர் ஏரியில் எடுக்கும் பறவைப் படங்கள் எல்லாம் மங்கலாகவே வருகின்றன. ஜனவரியில் குடும்பத்தோடு கபினி போகிறோம். அதற்குள் 150-600 லென்ஸ் ஒன்று வாங்கிவிடலாமா? ஒரு லட்சம் வரை ஒதுக்கியிருக்கிறேன்."

இப்போதைக்கு வாங்க வேண்டாம். நாகரஹொளே காட்டில் உள்ள கபினிக்குச் சஃபாரி போகும்போது வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் லென்ஸ் வாடகைக்குக் கிடைப்பது நம் ஊர் ஆட்களுக்குப் பெரிய வரம். ஒரு லட்சம் போட்டு வாங்கியபின், இரண்டு கிலோ எடையைத் தூக்க முடியாமல் அலமாரியில் வைத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் நானும் ஒருவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். லென்ஸில் எம்எம் எண் கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான் அந்த எண்ணின் அர்த்தம்.

முதலில் உங்கள் படங்கள் ஏன் மங்கலாக வருகின்றன என்று பார்ப்போம். 'மங்கல்' என்று ஒரே பெயரில் நாம் சொல்வது நாலைந்து வேறு வேறு வியாதி. கணினியில் படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். பறவை, கிளை, பின்னால் இருக்கும் இலை எல்லாமே ஒரே திசையில் இழுபட்டது போல் இருந்தால் கை ஆடியிருக்கிறது. கிளை பளிச்சென்று இருந்து பறவையின் தலை மட்டும் கலங்கியிருந்தால் பறவை அசைந்திருக்கிறது. பறவை மங்கலாகவும் அதற்குப் பின்னால் இருக்கும் நாணல் தெளிவாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறிய இடம் அது. எல்லாம் சரியாக இருந்தும் பறவை தம்மாத்தூண்டு இருந்து, அதை வெட்டிப் பெரிதாக்கியதால் பொரிபொரியாகத் தெரிந்தால் தூரம்தான் காரணம். இவற்றில் கடைசி ஒன்றுக்குத்தான் 600 எம்எம் மருந்து. முதல் மூன்றையும் அது இன்னும் மோசமாக்கும். நீளமான லென்ஸ் பறவையைப் பெரிதாக்குவது போலவே கை நடுக்கத்தையும் பெரிதாக்கும்.

பழைய கணக்கு ஒன்று உண்டு. லென்ஸ் எத்தனை எம்எம்மோ, ஒரு நொடியை அந்த எண்ணால் வகுத்து வரும் வேகமாவது, கேமராவுக்குள் வெளிச்சத்தைத் திறந்து மூடும் ஷட்டருக்கு வேண்டும். உங்கள் கேமராவில் படம் பதியும் சென்சார் சிறியது என்பதால் அந்த எம்எம் எண்ணை 1.6 ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். 250க்கு 1/400, 600க்கு கிட்டத்தட்ட 1/1000. லென்ஸில் ஆட்டத்தைச் சமன் செய்யும் ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்பீர்கள். அது உங்கள் கையைப் பிடிக்கும், பறவையைப் பிடிக்காது. வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும் வாலாட்டிக்குருவியை 1/200 இல் எடுத்தால் எந்த ஸ்டெபிலைசரும் காப்பாற்றாது.

அடுத்தது தூரக் கணக்கு. இதை ஒருமுறை போட்டுப் பார்த்தபிறகுதான் எனக்கு லென்ஸ் ஆசை பாதி அடங்கியது. சிரல் என்று நாம் சொல்லும் சிறிய நீல மீன்கொத்தி சுமார் 17 சென்டிமீட்டர் நீளம். அது 20 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. உங்கள் 250 இல் எடுத்தால் 6000 பிக்சல் அகலமுள்ள படத்தில் அது 600 பிக்சல்கூட வராது. 600 எம்எம் போட்டால் 1400 பக்கம் வரும். ஆனால் அதே 250ஐ வைத்துக்கொண்டு 8 மீட்டருக்குப் போய்விட்டால் அதே 1400 கிடைத்துவிடும். அந்த 12 மீட்டரை எப்படிக் கடப்பது என்பதுதான் நம் பாடம். அதற்குக் கடையில் விலை கிடையாது.

நான் அல்சூரில் குடியேறி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை இருக்கும் பக்கம் காலை நடைக்குப் போவேன். ஒரு டிசம்பர் காலை அங்கே ஒரு மடையான் நின்றுகொண்டிருந்தது. குருட்டுக்கொக்கு என்றும் சொல்வோமே, அதேதான். நிற்கும்போது காய்ந்த சகதி நிறம், பறந்தால் வெள்ளை வெளேர் என்று சிறகு. முதல் நாள் நேராக அதை நோக்கி நடந்தேன், பறந்துவிட்டது. இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் கரையில் ஓர் இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். கேமராவைத் தூக்கவே இல்லை. கால் மணி நேரம் அது கழுத்தை நீட்டி என்னையே பார்த்தது. அப்புறம் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டது. அப்படிச் செய்தால் 'இவன் ஆபத்தில்லை' என்று கணக்கை முடித்துவிட்டது என்று அர்த்தம். பிறகு அதுவாக ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்துக் கரையோரமாகவே என் பக்கம் வந்தது.

ஏரிக் காவலாளி, திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், பின்னால் வந்து நின்றார்.

"என்ன சார், ஒரு மணி நேரமா அந்த ஒத்தக் கொக்கையே பார்த்துட்டு உக்காந்திருக்கீங்க?"

"அது என்னைப் பார்க்கறத நிறுத்தட்டும்ணே."

அவர் சிரித்துவிட்டுப் போனார். கொக்கு ஆறு மீட்டரில் நின்று ஒரு சின்ன மீனைப் பிடித்தது. 70-300 லென்ஸ்தான், 300 முனை. அந்தப் படம் இன்னும் என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பிறகு வாங்கிய பெரிய லென்ஸ் படங்கள் ஒன்றும் அந்தச் சுவருக்கு வரவில்லை.

நீங்களும் இதைச் செய்து பாருங்கள். நேராக நடக்காதீர்கள். பறவையைப் பார்க்காதது போலச் சாய்வாக, நின்று நின்று போங்கள். கழுத்தைத் தூக்கினால் அங்கேயே நில்லுங்கள். உட்கார்ந்தால் இன்னும் நல்லது. நின்ற மனிதனுக்குப் பயப்படும் பறவை உட்கார்ந்த மனிதனைச் சீக்கிரம் மறந்துவிடும். மீன்கொத்திக்கு வேறு வழி உண்டு. அது ஒரே கம்புக்குத் திரும்பத் திரும்ப வரும். தண்ணீர் ஓரத்தில் எந்தக் கம்பில் வெள்ளையாக எச்சம் காய்ந்திருக்கிறதோ அதுதான் அதன் நாற்காலி. அது இல்லாத நேரத்தில் போய் எட்டு மீட்டரில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். பருந்து உட்கார்ந்திருந்தால் அதன் வாலைக் கவனியுங்கள். வாலைத் தூக்கி எச்சமிட்டதென்றால் பெரும்பாலும் அடுத்த சில நொடிகளில் கிளம்பிவிடும். விரலை ஷட்டரில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வியாதியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை லென்ஸ் கடைக்காரர்கள் சொல்வதில்லை: காற்று. பெங்களூருக்கு வடமேற்கே ஹெசரகட்டா புல்வெளி இருக்கிறது. குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் வரும், புல்லுக்கு மேலே தாழ்வாக மிதந்துகொண்டே எலி தேடும். புதிதாக 150-600 வாங்கிய சூட்டோடு அங்கே போனேன். காலை பத்தரை மணி. நூற்றைம்பது மீட்டர் தள்ளி ஒரு பருந்து தரையில் உட்கார்ந்திருந்தது. எழுபது எண்பது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் ஈரக் கண்ணாடி வழியாகப் பார்த்தது போல. லென்ஸில் குறை என்று நினைத்துக் கடைக்குத் திருப்பி எடுத்துப் போனேன். அவர்கள் கடை வாசலில் நின்று எதிர்ச் சுவர்ப் பலகையை எடுத்துக் காட்டினார்கள், எழுத்து கத்தி போல இருந்தது. வெயிலில் சூடான தரையிலிருந்து எழும் காற்றுதான் அன்றைக்குப் படத்தைக் கெடுத்தது. தார்ச்சாலையில் கானல் நீர் தெரிகிறதே, அதே சங்கதி. எத்தனை நீள லென்ஸ் போட்டாலும் அந்தக் காற்றையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். அடையாளம் சுலபம்: தொடர்ந்து எடுத்த பத்துப் படத்திலும் மங்கல் ஒவ்வொரு விதமாக இருக்கும், ஒன்றில் கண் கோணலாக, இன்னொன்றில் அலகு இரட்டையாக. எனவே தூரத்துப் படம் எல்லாம் வெயில் ஏறும் முன்பு. ஒன்பது மணிக்கு மேல் பக்கத்தில் வருவதை மட்டும் எடுங்கள்.

காருக்குள்ளிருந்து எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். விடியற்குளிரில் ஹீட்டர் போட்டு வந்து கண்ணாடியை இறக்கி உடனே எடுத்தால், உள்ளேயிருந்து வெளியே போகும் வெதுவெதுப்பான காற்று லென்ஸுக்கு முன்னாலேயே கலங்கும். கண்ணாடியை முன்னதாகவே இறக்கி வைத்து வண்டியை ஆற விடுங்கள். எஞ்சினை அணைத்துவிடுங்கள், அதிர்வும் போகும். லென்ஸ் முன்னால் மலிவான யுவி கண்ணாடி மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். நீள லென்ஸில் அது தெளிவைக் கெடுப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். லென்ஸ் முனையில் குழல் போல் மாட்டும் ஹூட் போதும், கீறலுக்கும் அதுவே காவல்.

இனி கேமராவில் செய்ய வேண்டியது. உங்கள் 1500டியில் பச்சைக் கட்ட ஆட்டோவை மறந்துவிடுங்கள். டிவி மோடுக்கு வாருங்கள். நம் வீட்டு டிவி இல்லை, ஷட்டர் வேகத்தை நாம் வைக்க மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும் முறைக்குக் கேனான் வைத்த பெயர் அது. உட்கார்ந்த பறவைக்கு 1/500, அசையும் பறவைக்கு 1/1000, பறப்பதற்கு 1/2000. ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்வுத் திறனை, ஆட்டோவில் விட்டு, மேல் வரம்பை 3200 என்று வையுங்கள். மாலைக் காட்டில் 6400 வரை போகலாம். படம் முழுக்கப் புள்ளிப்புள்ளியாகப் பொரி விழுமே என்று பயப்படாதீர்கள். பொரியைக் கணினியில் குறைக்கலாம், இப்போதைய மென்பொருள்கள் அதில் ரொம்பவே தேறிவிட்டன. கலங்கிய படத்தைத் திருத்த முடியாது. இந்த ஒரு பயத்தால் நான் இழந்ததைக் கீழே சொல்கிறேன்.

ஃபோகஸை ஏஐ சர்வோவில் வையுங்கள், அசையும் பறவையை விடாமல் பின்தொடரும் முறை அது. உங்கள் கேமராவில் ஒன்பது புள்ளி உண்டு, ஆனால் நடுப்புள்ளி ஒன்றுதான் குறுக்கும் நெடுக்கும் இரண்டு திசையிலும் பார்க்கும், அதை மட்டும் நம்புங்கள். அதைப் பறவையின் கண்ணில் வையுங்கள். கண் தெளிவாக இருந்தால் வால் மங்கினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். நீள லென்ஸில் தெளிவாக விழும் ஆழம் எவ்வளவு குறைவு என்று தெரிந்தால் இதன் அருமை புரியும். உங்கள் கேமராவில் 600 எம்எம், எஃப் 6.3 (லென்ஸின் திறப்பு அளவு, எண் கூடினால் திறப்பு சுருங்கும்), ஐந்து மீட்டர் தூரம் என்றால் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர்தான். நாரையின் அலகு நுனியில் ஃபோகஸ் விழுந்தால் கண் காணாமல் போய்விடும்.

வெள்ளைக் கொக்கு எடுக்கும்போது இன்னொரு தொல்லை. இருண்ட தண்ணீரைப் பார்த்துக் கேமரா 'இருட்டாக இருக்கிறதே' என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கொக்கின் இறகு ஒன்றுகூடத் தெரியாமல் சுண்ணாம்பு அடித்தது போல் ஆகிவிடும். எக்ஸ்போஷரை முக்கால் படியோ ஒரு படியோ குறையுங்கள், ஒரு படி குறைத்தால் வெளிச்சம் பாதியாகும். வானத்தில் பறக்கும் பருந்துக்கு நேர் எதிர், ஒரு படி கூட்டினால்தான் வயிற்றுப்பக்கம் கருப்புக் காகிதம் ஆகாமல் இருக்கும். பறக்கும் பறவை பழக வேண்டுமென்றால் பெங்களூரைவிட நல்ல ஊர் கிடையாது. கள்ளப்பருந்து எங்கும் சுற்றுகிறது. கறிக்கடைத் தெருவில் ஒரு மொட்டை மாடி கிடைத்தால் போதும், ஒரு மணி நேரத்தில் ஐந்நூறு வாய்ப்பு. அதில் ஐந்து தேறினால் நீங்கள் நன்றாகவே முன்னேறுகிறீர்கள்.

பின்னணி பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரிய லென்ஸ் வாங்கினால் பின்னணி வெண்ணெய் போல் குழைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். பறவை தூரத்தில் இருந்து, அதற்குப் பின்னால் ஒரு மீட்டரில் புதர் இருந்தால் பெரிய லென்ஸிலும் அது முள்ளும் இலையுமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பறவை பக்கத்தில் இருந்து, புதர் அதற்கு இருபது மீட்டர் பின்னால் இருந்தால் உங்கள் 55-250 லேயே குழையும். இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்தால் புதருக்குப் பதில் தூரத்துத் தண்ணீர் பின்னால் வரும். கரை மேட்டில் நின்று கீழ்நோக்கி எடுத்தால் பறவைக்குப் பின்னால் சகதியும் பாலிதீன் பையும்தான். குந்தி உட்கார்ந்து பறவையின் கண் மட்டத்துக்கு இறங்குங்கள், எதிர்க்கரை முழுவதும் பச்சை மெழுகாகிவிடும். முழங்கால் வலிக்கிறவர்கள் ஒரு பழைய போர்வையை மடித்து எடுத்துப் போகலாம். நான் போகிறேன்.

பெரிய லென்ஸைப் பிடிக்கும் விதம் வேறு. இடது உள்ளங்கை லென்ஸின் அடியில், முடிந்த அளவு முன்பக்கமாக, முழங்கை விலாவில் ஒட்டியிருக்க வேண்டும். கழுத்துப் பட்டையைக் கேமராவில் மாட்டித் தொங்கவிட்டால் லென்ஸின் எடை முழுவதும் இரண்டும் பொருந்தும் வளையமான மவுண்டில் விழும். டிரைபாடில் பொருத்துவதற்காக லென்ஸின் அடியில் இருக்கும் காலில் பட்டையை மாட்டுங்கள். சஃபாரி ஜீப்பில் டிரைபாடு உதவாது. பழைய ஜீன்ஸ் பேன்ட்டின் ஒரு காலை முழ நீளத்துக்கு வெட்டி, இரண்டு பக்கமும் தைத்து, உள்ளே மூன்று கிலோ அரிசி போட்டுக்கொள்ளுங்கள். ஜீப்பின் கம்பி மேல் அதை வைத்து அதன்மேல் லென்ஸை வைத்தால் பாறை போல நிற்கும். என் மனைவி போட்ட ஒரே நிபந்தனை, அந்த அரிசியைத் திரும்ப டப்பாவில் கொட்டக் கூடாது என்பது.

சரி, லென்ஸுக்கு வருவோம். எல்லாம் பழகியபிறகும் எட்டவில்லை என்றால் வாங்கத்தான் வேண்டும். சிக்மா 150-600 காண்டெம்பரரி கிட்டத்தட்ட இரண்டு கிலோ. டாம்ரான் 150-600 ஜி2 அதைவிடக் கொஞ்சம் கூடுதல். இரண்டிலுமே 600 முனையில் எஃப் 6.3 இல் கூர்மை கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், எஃப் 8 க்கு மூடினால் நன்றாகத் தேறும். எஃப் 8 க்கு வெளிச்சம் வேண்டும், காட்டில் காலையிலும் மாலையிலும் அது இருக்காது. இந்த இழுபறியைத்தான் பத்து லட்சத்துக்கு மேல் கொடுத்து 600 எம்எம் எஃப் 4 வாங்குகிறவர்கள் பணத்தால் தீர்க்கிறார்கள். என்னைக் கேட்டால் உங்கள் கேமராவுக்குப் பழைய கேனான் 400 எம்எம் எஃப் 5.6 ஒன்று கைமாறி வந்தால் பாருங்கள் என்பேன். 1993 இல் வந்த லென்ஸ், ஸ்டெபிலைசர் கிடையாது, ஆனால் ஒன்றேகால் கிலோதான், முழுத் திறப்பிலேயே கூர்மை, பறக்கும் பறவைக்கு ஃபோகஸ் சட்டென்று ஒட்டும். ஜூம் வேண்டும் என்றால் 100-400 இன் இரண்டாம் பதிப்பு, பட்ஜெட்டைத் தாண்டலாம், ஆனால் ஒரு மீட்டர் தூரத்தில் பட்டாம்பூச்சியும் எடுக்கும். கேனான் இப்போது புதிதாகக் கொண்டுவருவதெல்லாம், உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவின் ஆர்எஃப் மவுண்டுக்குத்தான். அதனால் இந்தப் பழைய லென்ஸ்கள் வீணாகுமோ என்று கவலை வேண்டாம், ஓர் அடாப்டர் மாட்டி அதிலும் போடலாம். மிரர்லெஸ்ஸுக்கே மாறுவதாக இருந்தால் ஆர்எஃப் 100-400 வெறும் 635 கிராம். வயதான அப்பாவும் தூக்கலாம். 400 முனையில் எஃப் 8 க்கு மேல் திறக்காத லென்ஸ் என்பதால் வெளிச்சம் கேட்கும், அதை ஒத்துக்கொண்டு வாங்க வேண்டும்.

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி எம்எம்மைக் கூட்டும் டெலிகன்வர்ட்டர் பக்கம் மட்டும் போகாதீர்கள். நான் போனேன். ஒரு கடையில் மலிவாகக் கிடைத்த 2 எக்ஸ் ஒன்றை 70-300 இல் மாட்டினேன். கணக்குப்படி 600. அது வெளிச்சத்தில் இரண்டு படி தின்றுவிடும், எஃப் 5.6 என்பது எஃப் 11 ஆகிவிட்டது. ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடியதே தவிர எங்கும் நிற்கவில்லை. கையால் திருகி எடுத்த ஒரு புள்ளி ஆந்தை, லால்பாக் மரப்பொந்தில், தேங்காய் நார் உருண்டை போல வந்தது. 1.4 எக்ஸ் நல்ல லென்ஸில் நன்றாக வேலை செய்யும், ஆனால் அந்த நல்ல லென்ஸ் முதலில் இருக்க வேண்டுமே.

நிக்கான் பி900 போன்ற, லென்ஸைக் கழற்ற முடியாத ஜூம் கேமராக்களைப் பற்றியும் கேட்பீர்கள். 2000 எம்எம்முக்குச் சமமான ஜூம் என்று போட்டிருக்கும், பொய் இல்லை. சென்சார் சுண்டுவிரல் நகம் அளவு. பகல் வெளிச்சத்தில் 'அது என்ன பறவை' என்று அடையாளம் காண இதைவிடச் சிறந்தது இல்லை. மாலையில் காட்டில் உதவாது.

பழைய லென்ஸ் வாங்கினால் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள், சிலந்தி வலை போல் தெரிந்தால் பூஞ்சை, வேண்டவே வேண்டாம்.

கபினிக்கு முன்னால் இரண்டு இடத்தில் கை பழகுங்கள் என்பேன். ஒன்று கொக்கரே பெள்ளூர், மண்டியா மாவட்டத்தில் மத்தூர் பக்கம், காரில் இரண்டு மணி நேரம். ஊருக்கு நடுவே புளிய மரங்களில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டும். பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் போல என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள், யாரும் கல்லெறிய மாட்டார்கள். வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு மாடியேறினால் கூடுகளின் மட்டத்துக்கே போய்விடலாம். அங்கே உங்கள் 250 தாராளம். 600 கொண்டு போனால் பறவை படச்சட்டத்துக்குள் அடங்காது, வாடகை வீண்.

இன்னொன்று ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ரங்கனதிட்டு. காவிரிக்கு நடுவே உள்ள திட்டுகள். சாலிம் அலி வந்து பார்த்து மைசூர் மகாராஜாவிடம் எடுத்துச் சொல்ல, 1940 இல் சரணாலயம் ஆனது. துடுப்புப் படகில் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், ஆற்று ஆலா என்று பத்து மீட்டருக்குள் வரும், பாறையில் முதலை வாயைப் பிளந்து வெயில் காயும். படகு ஆடிக்கொண்டே இருக்கும், ஷட்டரை 1/1600 க்குக் கீழே இறக்காதீர்கள். கிருஷ்ணராஜ சாகரிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டால் படகை நிறுத்திவிடுவார்கள், விசாரித்துவிட்டுப் போங்கள். படகோட்டிகளுக்குப் பறவையின் பழக்கம் அத்துப்படி. 'நிதானமா, அல்லே நில்சி' (மெதுவாக, அங்கேயே நிறுத்துங்கள்) என்று இரண்டு வார்த்தை கன்னடம் சொன்னால் அவர்களும் உற்சாகமாகிவிடுவார்கள்.

இப்போது கபினி. நான் இழந்த கதை அங்கேதான். முதல் பயணம், மாலை ஆறு மணி, தேக்கு மரத்துக் கிளையில் ஒரு சிறுத்தை. கால்கள் இரண்டு பக்கமும் தொங்க, எங்களைப் பார்த்தபடி. ஜீப்பில் யாரும் மூச்சுவிடவில்லை. நண்பரிடம் இரவல் வாங்கிய 150-600, அறுபது படம். ஐஎஸ்ஓ 800 ஐத் தாண்டினால் படம் கெட்டுவிடும் என்று யாரோ சொன்னதை வேதமாக நம்பி அதற்கு மேல் போகாதபடி பூட்டி வைத்திருந்தேன். ஷட்டர் 1/30 க்கு இறங்கியிருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை. அறுபதிலும் ஒன்றுகூடத் தேறவில்லை. பக்கத்து இருக்கையில் கல்லூரிப் பெண் ஒருத்தி உங்களுடையது போன்ற 55-250 இல், ஐஎஸ்ஓ 6400 இல் எடுத்தாள். கிளையும் சிறுத்தையும் பின்னால் மங்கிய காடும் சேர்ந்து அவ்வளவு அழகாக இருந்தது.

அது தற்செயல் இல்லை என்று பின்னால் புரிந்தது. மா. கிருஷ்ணன் காட்டு விலங்குகளைக் கருப்பு வெள்ளையில் எடுத்தவர், பழக்கிய யானை மேல் உட்கார்ந்தும் நடந்தும் எடுத்தவர். அவருடைய படங்களில் யானை இருக்கும் இடமும் தெரியும். எங்கள் பெங்களூரில் 2017 இல் மறைந்த காட்டுயிர்ப் புகைப்படக்காரர் டி.என்.ஏ. பெருமாள், ஒரு ரோலுக்கு 36 படம் என்ற காலத்திலிருந்தே எடுத்தவர். நொடிக்குப் பத்து என்று விரலை அழுத்தி வைத்திருக்கும் வசதி அவர்களுக்கு இல்லை, அதனால் விலங்கு அடுத்து என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டார்கள். கபினியில் யானை பல நேரம் ஜீப்புக்கு முன்னாலேயே சாலையைக் கடக்கும். 600 மாட்டியிருந்தால் கண்ணும் பாதிக் காதும்தான் கிடைக்கும். அதனால் வாடகைக்கு எடுப்பதென்றால் 100-400 எடுங்கள், 55-250 ஐயும் கையெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

ஜனவரியில் நீரோரப் புல்வெளிக்கு யானைக்கூட்டம் பெரிதாக வராது, அது மார்ச் முதல் மே வரை, காடு காய்ந்து அணையின் தண்ணீர் வற்றும் காலத்தில். ஜனவரியில் பனிமூட்டத்தில் புள்ளிமான், மரக்கிளையில் மீன்பிடிப் பருந்து, அதிர்ஷ்டம் இருந்தால் புலி. சஃபாரியில் லென்ஸின் நீளத்தைப் பார்த்துக் கேமராக் கட்டணம் தனியாக வாங்குவார்கள், முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். ஓட்டுநரைப் 'பக்கத்துல போங்க, இன்னும் பக்கத்துல' என்று நச்சரிக்காதீர்கள். விலங்கு நகரும் பக்கத்துக்கு முன்னால் போய் நிறுத்தச் சொல்லுங்கள், எதிரே வரும் முகம் கிடைக்கும். பின்னால் துரத்தினால் வால்தான்.

ஊட்டி போகும் வழியில் பந்திப்பூர்ச் சாலையில் மான் நிற்கிறதே என்று வண்டியை ஓரம் கட்டி இறங்காதீர்கள். அங்கே நிறுத்துவதற்கே தடை, அபராதம் விழும். கூட்டில் இருக்கும் பறவையை நெருங்கி எடுப்பதும், செல்போனில் கூவலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் வேண்டாம். பெற்றோர் பறந்துபோனால் வெயிலில் குஞ்சு சாகும், காகம் வந்து தூக்கும். மறைக்கிறதே என்று கூட்டுக்கு முன்னால் இருந்த கிளையை ஒடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் படத்தில் குஞ்சின் மேல் நேர்வெயில் விழும், பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஜனவரிக்கு இன்னும் சில ஞாயிறுகள் இருக்கின்றன. வரும் ஞாயிறு ஆறு மணிக்கு அல்சூர் வாருங்கள். சூரியன் முதுகில் இருக்குமாறு கிழக்குக் கரையில் இடம் பிடியுங்கள். டிவி மோடு, 1/1000, நடுப்புள்ளி, 55-250. மடையான் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அது கழுத்தை உள்ளே இழுக்கும்வரை கேமராவைத் தூக்காதீர்கள். அந்தக் காவலாளி இன்னும் அங்கேதான் இருக்கிறார், "நீங்களுமா சார்?" என்று கேட்பார்.